கடுங்காப்பியும் உடல் நலமும்

காப்பியைப் பற்றி இரு வேறு கருத்துகள் நம் நாட்டில் நெடுங்காலமாக நிலவி வருகின்றன. ஒரு சாரார் அதனை நரம்புகளைத் தளரச் செய்யும் தீய பொருள் என்பர். மற்றொரு சாரார், பாலும் சர்க்கரையும் சேராத கடுங்காப்பி நீரிழிவு முதல் ஈரல் நோய் வரை பலவற்றையும் தீர்க்கும் மருந்து என்பர். அண்மை ஆண்டுகளில் இந்த இரண்டாவது கருத்தே சிற்றூர்கள் வரையில் பரவியுள்ளது. ஆதலால், "மாத்திரையை நிறுத்திவிட்டுக் கடுங்காப்பி குடித்தால் போதுமா?" என்ற கேள்வியைக் களப் பணியாளர்கள் எதிர்பார்த்தே ஆகவேண்டும். "தேர்வுக் காலத்தில் பிள்ளைக்குக் கடுங்காப்பி கொடுக்கலாமா?" என்ற கேள்வி ஆசிரியர்களை வந்தடையும். இவற்றிற்குத் தெளிவான விடை கூறுவதற்கு, காப்பியில் அடங்கியுள்ளவை யாவை, அவை உடலில் எவ்வாறு வேலை செய்கின்றன, ஆராய்ச்சிகள் எந்த அளவுக்கு உறுதி கூறுகின்றன என்பவற்றை அறிதல் வேண்டும். அவற்றைச் சுருக்கமாக விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

செடியும் விதையும்

காப்பிச் செடியின் தாயகம் எத்தியோப்பிய நாட்டு மலைக்காடுகள். அங்கிருந்து ஏமன் நாட்டிற்குச் சென்று, பின்னர் உலகெங்கும் பரவிற்று. பதினேழாம் நூற்றாண்டில் பாபா புடன் என்ற பெரியார் ஏமனிலிருந்து ஏழு விதைகளைக் கொண்டுவந்து சிக்கமகளூரு மலைப் பகுதியில் ஊன்றினார் என்பது வழிவழியாகக் கூறப்படும் செய்தி. இன்று கர்நாடகம், கேரளம், தமிழ்நாடு ஆகிய மூன்று மாநிலங்களிலும், ஆந்திரப் பிரதேசத்தின் அரக்குப் பள்ளத்தாக்கு போன்ற இடங்களிலும் காப்பி பயிராகின்றது. நாட்டின் மொத்த விளைச்சலில் ஏறத்தாழ 70 சதவீதம் கர்நாடகத்தைச் சேர்ந்தது.

பயிரிடப்படும் வகைகள் இரண்டு: அராபிகா ஒன்று, ரோபஸ்டா மற்றொன்று. அராபிகா உயர்ந்த மலைச்சரிவுகளில் வளர்வது, மணம் மிக்கது. ரோபஸ்டா தாழ்ந்த சரிவுகளில் வளர்வது, கசப்பு மிக்கது. நம் நாட்டு விளைச்சலில் பெரும்பகுதி ரோபஸ்டாவே. இவ்வேறுபாடு சுவையைப் பற்றியது மட்டுமன்று. உலர்ந்த அராபிகா விதையில் காஃபீன் என்னும் பொருள் ஏறத்தாழ 1.2 சதவீதம் இருக்க, ரோபஸ்டாவில் ஏறத்தாழ 2.2 சதவீதம் உள்ளது. ஆகவே, ஒரே அளவு தூளில் வடித்த இரண்டு கோப்பைகள் உடலில் ஒரே அளவு விளைவைத் தரும் என்று கருதலாகாது.

கோப்பையில் உள்ளவை

கடுங்காப்பி பெரும்பாலும் நீரே. ஒரு கோப்பையில் கிடைக்கும் உணவுச் சக்தி ஏறத்தாழ இரண்டு கலோரிதான். எனவே அஃது உணவாகாது. காலையில் ஒரு டம்ளர் கடுங்காப்பியைக் குடித்துவிட்டு நண்பகல் வரை வயலிலும் தோட்டத்திலும் உழைப்பவர், பசியைத் தணித்துக்கொண்டதாக எண்ணினாலும், உடலுக்குத் தேவையான எதனையும் பெறுவதில்லை.

அக்கோப்பையில் குறிப்பிடத்தக்க பொருள்கள் இரண்டு. முதலாவது காஃபீன். இதனை 1819ஆம் ஆண்டில் ஜெர்மானிய ரசாயன அறிஞர் ரூங்கே காப்பி விதையிலிருந்து தனியாகப் பிரித்தெடுத்தார். அதன் அமைப்பை ஆராய்ந்த எமில் ஃபிஷர் 1895இல் அதனை ஆய்வுக்கூடத்திலேயே உருவாக்கிக் காட்டினார். இரண்டாவது, குளோரோஜெனிக் அமிலங்கள் எனப்படும் பொருள்களின் தொகுதி. இவை தாவரங்களில் காணப்படும் பாலிஃபீனால் வகையைச் சேர்ந்தவை. காப்பியின் துவர்ப்புக்கும் புளிப்புக்கும் ஓரளவு காரணமானவை. விதையை வறுக்கும்போது இவற்றின் ஒரு பகுதி அழிந்துபோகின்றது. மிகக் கருக வறுத்த காப்பியில் இவை குறைவு.

பாலும் சர்க்கரையும் சேரும்பொழுது கணக்கு மாறுகின்றது. ஒரு தேக்கரண்டிச் சர்க்கரை ஏறத்தாழ 5 கிராம். அதில் 20 கலோரி உள்ளது. கோப்பைக்கு இரண்டு கரண்டி வீதம் நாளொன்றுக்கு நான்கு கோப்பை அருந்துவோர், காப்பியின் வழியே மட்டும் 40 கிராம் சர்க்கரையை உட்கொள்கின்றனர். நாளொன்றுக்கு 2,000 கலோரி உண்பவர் சேர்த்துக்கொள்ளும் சர்க்கரை 50 கிராமைத் தாண்டலாகாது என்றும், 25 கிராமுக்குக் கீழே இருத்தல் மேலும் நன்று என்றும் உலக சுகாதார நிறுவனம் 2015இல் வகுத்த நெறி கொள்ளக்கிடக்கின்றது. கடுங்காப்பியின் முதல் நன்மை இதனால் விளங்கும். அதில் உள்ளதைக் காட்டிலும், அதில் இல்லாததே பலருக்கு நன்மை பயக்கின்றது.

உறக்கம் அகல்வது எவ்வாறு?

நாம் விழித்திருக்கும் நேரம் முழுவதும் மூளையில் அடினோசின் என்னும் பொருள் சிறிது சிறிதாகச் சேர்கின்றது. நரம்பணுக்களின் மேல் அதற்கென அமைந்த ஏற்பிகளில் அது பொருந்தும்போது, அணுக்களின் வேகம் தணிந்து, களைப்பும் உறக்கமும் தோன்றுகின்றன. காஃபீனின் அமைப்பு அடினோசினை ஒத்திருப்பதால், அந்த இடங்களில் அது முந்திச் சென்று அமர்ந்துகொள்கின்றது. பூட்டினுள் நுழைந்தும் திறக்க மாட்டாத சாவி, சரியான சாவிக்கும் இடம் விடாமல் நிற்பதைப் போன்றது இது. களைப்பை அறிவிக்கும் செய்தி சென்று சேர்வதில்லை, அவ்வளவே. களைப்பு நீங்கிவிடவில்லை என்பதை நினைவிற் கொள்ளவேண்டும். காஃபீன் அகன்றதும், சேர்ந்திருந்த அடினோசின் தன் வேலையைத் தொடங்குகின்றது.

அருந்திய காஃபீன் ஏறத்தாழ முக்கால் மணி நேரத்தில் முழுவதும் இரத்தத்தில் கலந்துவிடும். அதனைச் சிதைத்து வெளியேற்றும் பொறுப்பு ஈரலுடையது. உடலில் உள்ள காஃபீன் பாதியாகக் குறைவதற்குச் சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகின்றது. மாலை 6 மணிக்கு 100 மில்லிகிராம் காஃபீன் உட்கொண்டவரின் உடலில் இரவு 11 மணிக்கும் 50 மில்லிகிராம் எஞ்சியிருக்கும். எனினும் இக்கால அளவு ஆளுக்கு ஆள் பெரிதும் வேறுபடும். புகை பிடிப்போரிடம் காஃபீன் விரைவாக அகலும். கருவுற்ற பெண்களிடம் மிக மெதுவாக அகலும். ஒருவர் இரவு உணவுக்குப் பின்னும் காப்பி அருந்தி நன்கு உறங்க, மற்றொருவர் பிற்பகல் காப்பிக்கே விழித்துக் கிடப்பது இதனாலேயே.

ஆராய்ச்சிகள் கூறுவன

காப்பி அருந்துவோரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆராய்ச்சிகள் பல வெளிவந்துள்ளன. அவற்றுள் முக்கியமான சிலவற்றைக் காண்போம்.

இரண்டாம் வகை நீரிழிவைப் பற்றி, 28 ஆய்வுகளையும் அவற்றில் பங்குகொண்ட 11 லட்சத்திற்கும் மேற்பட்ட மக்களையும் தொகுத்து ஆராய்ந்த முடிவு 2014இல் வெளியாயிற்று. காப்பியே அருந்தாதவர்களோடு ஒப்பிடுகையில், நாளொன்றுக்கு மூன்று கோப்பை அருந்துவோரிடம் இந்நோய் தோன்றும் வாய்ப்பு ஏறத்தாழ 21 சதவீதம் குறைவாக இருந்தது. காஃபீன் நீக்கிய காப்பியிலும் இத்தகைய தொடர்பு காணப்பட்டமையால், இதற்குக் காரணம் காஃபீன் மட்டுமன்று என்றும், குளோரோஜெனிக் அமிலங்கள் முதலியவற்றுக்கும் பங்கு இருக்கலாம் என்றும் அறிஞர் கருதுகின்றனர்.

ஈரலைப் பற்றிய செய்தி இதனினும் வலுவுடையது. ஈரல் சுருங்கி இறுகும் சிரோசிஸ் நோயைப் பற்றிய ஒன்பது ஆய்வுகளைத் தொகுத்த 2016ஆம் ஆண்டுக் கட்டுரை, நாள்தோறும் கூடுதலாக இரண்டு கோப்பை காப்பி அருந்துவதோடு அந்நோயின் வாய்ப்பு 44 சதவீதம் குறைந்து காணப்படுவதைக் காட்டிற்று. ஆனால், மதுவை விடாமல் காப்பியை மட்டும் சேர்த்துக்கொண்டால் ஈரல் காக்கப்படும் என்பது இதன் பொருளன்று.

கை கால் நடுக்கத்தை உண்டாக்கும் பார்க்கின்சன் நோயைப் பற்றி, ஹவாய்த் தீவில் வாழும் ஜப்பானிய வழியினரான 8,004 ஆண்களை ஏறத்தாழ 30 ஆண்டுகள் கவனித்த ஆய்வு 2000இல் வெளிவந்தது. மிகுதியாகக் காப்பி அருந்தியவர்களைக் காட்டிலும், காப்பியே அருந்தாதவர்களிடம் இந்நோய் ஏறத்தாழ ஐந்து மடங்கு காணப்பட்டது.

புற்றுநோயைப் பொறுத்தவரை, 1991இல் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் காப்பியை ஐயத்திற்குரிய பொருள்களுள் ஒன்றாக வகுத்திருந்தது. பின்னர் வந்த ஆய்வுகளைச் சீர்தூக்கி, 2016இல் அவ்வகையிலிருந்து அதனை நீக்கிற்று. ஆனால் அதே சமயத்தில், 65 பாகை சென்டிகிரேடுக்கு மேற்பட்ட சூட்டில் எந்தப் பானத்தை அருந்தினாலும் உணவுக் குழாயில் புற்றுநோய் தோன்றக்கூடும் என்று எச்சரித்தது. அடுப்பிலிருந்து இறக்கியவுடன் ஆவி பறக்க அருந்தும் வழக்கமுடையோர் இதனைக் கவனித்தல் வேண்டும்.

பாலும் சர்க்கரையும் சேர்ப்பதால் வேறுபாடு உண்டா? அமெரிக்காவில் ஏறத்தாழ 46,000 பேரின் உணவுப் பழக்கத்தை ஆராய்ந்த கட்டுரை 2025இல் வெளியாயிற்று. கடுங்காப்பியோ, சர்க்கரையும் கெட்டிக் கொழுப்பும் மிகக் குறைவாகச் சேர்த்த காப்பியோ அருந்தியவர்களிடம் இறப்பு வாய்ப்பு 14 சதவீதம் குறைந்து காணப்பட்டது. அவற்றை மிகுதியாகச் சேர்த்து அருந்தியவர்களிடம் அந்நன்மை புலப்படவில்லை.

ஆராய்ச்சியைப் படிக்கும் முறை

இவ்வெண்களைக் கண்டவுடன், காப்பி நோயைத் தடுக்கின்றது என்று முடிவு கட்டிவிடலாமா? இங்கேதான் நிதானம் வேண்டும். மேற்கூறியவை யாவும் மக்களைக் கவனித்துக் கணக்கெடுத்த ஆய்வுகள். இரண்டு செய்திகள் சேர்ந்து காணப்படுவதாலேயே ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் ஆகிவிடாது.

ஆசிரியர்கள் மாணவர்க்கு எடுத்துக்காட்டத் தக்க நல்ல உதாரணம் ஒன்று உண்டு. அமெரிக்காவில் 50 முதல் 71 வயது வரையுள்ள ஏறத்தாழ 4 லட்சம் பேரைக் கவனித்த ஆய்வின் முடிவு 2012இல் வெளிவந்தது. வயதை மட்டும் கணக்கிற் கொண்டு முதலில் பார்த்தபோது, காப்பி அருந்துவோரே மிகுதியாக இறந்ததாகத் தோன்றிற்று. ஆனால், காப்பியை மிகுதியாக அருந்துவோரில் புகை பிடிப்போர் மிகுதி என்பது தெரிந்தது. புகை முதலியவற்றின் விளைவைக் கழித்துப் பார்த்தபோது முடிவு தலைகீழாக மாறிற்று: இரண்டு கோப்பையும் அதற்கு மேலும் அருந்துவோரிடம் இறப்பு வாய்ப்பு 10 முதல் 16 சதவீதம் வரை குறைவாக இருந்தது. பழி புகையைச் சேர்ந்தது. குற்றம் சாட்டப்பட்டதோ காப்பி!

இதே நியாயம் மறுபுறமும் பொருந்தும். நோயுற்றோர் பலர் மருத்துவர் சொற்படி காப்பியைக் குறைத்துவிடுகின்றனர். அதனால், காப்பி அருந்துவோர் கூட்டத்தில் நலமுடையோர் மிகுந்து தோன்றலாம். ஆகவே, அளவோடு அருந்தும் காப்பியினால் பெரும்பாலோர்க்குத் தீங்கில்லை, சில நோய்களின் வாய்ப்பு குறையவும் கூடும் என்ற அளவிலே நின்றுகொள்வதே அறிவுடைமை. வந்துவிட்ட நோய்க்கு அதனை மருந்தாகக் கூறுவதற்கு இவ்வாய்வுகளில் இடமில்லை.

இரும்புச் சத்துக்கு நேரும் இடையூறு

நம் நாட்டிற் காப்பியைப் பற்றிப் பேசுவோர் தவறாது கூறவேண்டிய செய்தி ஒன்று உண்டு. காப்பியிலும் தேநீரிலும் உள்ள பாலிஃபீனால்கள், உணவிலுள்ள இரும்புடன் குடலிலே கூடி, அதனை இரத்தத்தில் சேரவொட்டாமல் தடுக்கின்றன. 1983இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்றில், உணவோடு ஒரு கோப்பை காப்பி அருந்தியபோது இரும்பு ஏற்பு 39 சதவீதமும், தேநீர் அருந்தியபோது 64 சதவீதமும் குறைந்தன. உணவுக்கு ஒரு மணி நேரம் முன்னதாக அருந்திய காப்பியால் குறைவு நேரவில்லை. ஆனால் உணவுக்கு ஒரு மணி நேரம் கழித்து அருந்திய காப்பி, உணவோடு அருந்தியதைப் போன்றே தடை செய்தது.

2019-21இல் நடைபெற்ற தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 சதவீதத்தினர் இரத்தச் சோகை உடையவர்கள். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் இது 67 சதவீதம். நம் மக்களிற் பெரும்பாலோர் இரும்பைத் தானியங்கள், பருப்பு, கீரை ஆகியவற்றிலிருந்தே பெறுகின்றனர். இவ்வகை இரும்பு எளிதில் உடலிற் சேராது. அதன்மேல் காப்பியும் தேநீரும் தடையாக நின்றால், எஞ்சுவது மிகச் சொற்பமே.

கருவுற்ற பெண்களுக்கு அரசு வழங்கும் மாத்திரை ஒவ்வொன்றிலும் 60 மில்லிகிராம் இரும்பு உள்ளது. அதனைக் காலைக் காப்பியோடு விழுங்குபவர், மாத்திரையின் பயனை ஓரளவு இழந்துவிடுகின்றார். மாதங்கள் பல கழிந்தும் இரத்தம் ஊறவில்லையே என்று வருந்தும் இல்லங்களில், களப் பணியாளர் "மாத்திரை உட்கொள்கிறீர்களா?" என்று மட்டும் கேட்டால் போதாது, "எதனோடு, எந்த நேரத்தில் உட்கொள்கிறீர்கள்?" என்றும் கேட்டறிதல் வேண்டும். நெல்லிக்காய், கொய்யா, எலுமிச்சை போன்றவற்றிலுள்ள வைட்டமின் சி இரும்பு ஏற்பை மிகுவிக்கும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2024இல் வெளியிட்ட உணவு நெறிமுறைகள், உணவுக்கு முன்னும் பின்னும் குறைந்தது ஒரு மணி நேரம் காப்பியையும் தேநீரையும் தவிர்க்குமாறு கூறுகின்றன. மேற்கண்ட ஆய்வை நோக்கின், உணவுக்குப் பின் இன்னும் சற்று மிகுதியாக இடைவெளி விடுதல் நன்று.

பிற எச்சரிக்கைகள்

அளவு: மேற்குறித்த நெறிமுறைகள் நாளொன்றுக்கு 300 மில்லிகிராம் காஃபீனை வரம்பாகக் கூறுகின்றன. 150 மில்லிலிட்டர் வடித்த காப்பியில் 80 முதல் 120 மில்லிகிராமும், அதே அளவு உடனடிக் காப்பியில் 50 முதல் 65 மில்லிகிராமும், ஒரு கோப்பைத் தேநீரில் 30 முதல் 65 மில்லிகிராமும் காஃபீன் உள்ளது. எனவே, வடித்த கடுங்காப்பி இரண்டு அல்லது மூன்று சிறு கோப்பைகளோடு அமைதல் தக்கது.

கருவுற்றோர்: கருப்பக் காலத்தின் இறுதி மாதங்களில் காஃபீன் பாதியாகக் குறைவதற்கு ஏறத்தாழ 15 மணி நேரம் ஆகின்றது. அது நஞ்சுக்கொடி வழியே சிசுவையும் அடைகின்றது. சிசுவின் ஈரலுக்கோ அதனைச் சிதைக்கும் ஆற்றல் இல்லை. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015இல் கருவுற்றோர்க்கு வகுத்த வரம்பு நாளொன்றுக்கு 200 மில்லிகிராம்.

மாணவர்: இரவெல்லாம் விழித்துப் படிப்பதற்காகக் கடுங்காப்பி அருந்துவது பயனற்றது. கற்றவை நினைவில் ஊன்றுவது உறக்கத்தின்போதுதான். படுக்கைக்கு ஆறு மணி நேரம் முன்னதாக உட்கொண்ட 400 மில்லிகிராம் காஃபீன்கூட உறக்கத்தை ஒரு மணி நேரத்துக்கு மேல் குறைத்ததை 2013ஆம் ஆண்டு ஆய்வொன்று காட்டியுள்ளது. சிறுவர்க்குக் காப்பியை அன்றாடப் பானமாகப் பழக்காதிருத்தலே நன்று.

நோயாளர்: நெஞ்செரிச்சல், படபடப்பு, கட்டுக்கடங்காத இரத்த அழுத்தம் ஆகியவை உடையோர் மருத்துவரைக் கேட்டே அருந்தவேண்டும். தைராய்டு மாத்திரை உட்கொள்வோர் அதனைத் தண்ணீரோடு விழுங்கி, சிறிது இடைவெளி விட்ட பின்னரே காப்பி அருந்துதல் வேண்டும்; உடன் அருந்தினால் மருந்து சரிவர உடலிற் சேராது. நெடுநாள் பழகியவர் திடீரென நிறுத்தினால் தலைவலியும் சோர்வும் சில நாட்கள் தோன்றும். ஆகவே சிறிது சிறிதாகக் குறைப்பதே முறை.

தயாரிக்கும் முறை

காப்பித் தூளில் கஃபெஸ்டால் என்னும் எண்ணெய்த் தன்மையுள்ள பொருள் உண்டு. இஃது இரத்தத்திலுள்ள கொலஸ்டிரால் கொழுப்பை மிகுவிக்கும். நார்வே முதலிய வட ஐரோப்பிய நாடுகளில் தூளை நீரிலிட்டுக் கொதிக்கவைத்து, வடிக்காமலே தெளியவிட்டு அருந்துவோரிடம் கொலஸ்டிரால் மிகுந்திருந்தமை ஆராய்ச்சிகளால் தெரியவந்தது. தாள் வடிகட்டி இப்பொருளைப் பெரும்பாலும் பிடித்து நிறுத்திவிடுகின்றது. நம் நாட்டுச் சிற்றூர்களிலும் மலைத்தோட்டங்களிலும் கொதிநீரில் தூளை இட்டு இறக்கிக் கடுங்காப்பி தயாரிக்கும் வழக்கம் உண்டு. அவ்வாறு செய்வோர் நெருக்கமாக நெய்த தூய துணியில் வடித்து, அடியில் தங்கும் மண்டியை நீக்கி அருந்துதல் நன்று. உலோகப் பில்டரின் துளைகள் தாளைப் போல எண்ணெய்ப் பொருளை முழுவதும் தடுக்க மாட்டா.

தூளைப் பற்றியும் ஒரு குறிப்பு. கடைகளில் விற்கும் கலவைகளில் சிக்கரி சேர்ந்திருக்கும். சட்டப்படி கலவையில் காப்பி 51 சதவீதத்திற்குக் குறையலாகாது. அளவை உறையின்மேல் அச்சிடவும் வேண்டும். சிக்கரி வேரில் காஃபீன் இல்லை. 10 கிராம் தூளில் 30 சதவீதம் சிக்கரியாயின், எஞ்சிய காப்பி 7 கிராம். அதில் அராபிகாவும் ரோபஸ்டாவும் சரிபாதி என்று கொண்டால், காஃபீன் ஏறத்தாழ 1.7 சதவீதமாகும், அஃதாவது 119 மில்லிகிராம். அதன் பெரும்பகுதி டிக்காக்ஷனில் இறங்கிவிடும். இல்லத்தில் அருந்தும் அளவை இவ்வாறு எவரும் கணக்கிட்டு அறியலாம்.

குடகு மலைப் பகுதியில் கடுங்காப்பியில் வெல்லம் சேர்த்து அருந்துவர். வெல்லமும் சர்க்கரையே என்பதை நீரிழிவு உடையோர் மறத்தலாகாது. "சுக்குக் காப்பி" என்ற பெயருடைய பானத்தில் பல வேளைகளில் காப்பித் தூளே சேர்வதில்லை. ஆதலால் இங்கே கூறிய நன்மையும் தீமையும் அதற்குப் பொருந்தா.

வகுப்பறையில் ஒரு சோதனை

இரும்பும் பாலிஃபீனாலும் கூடுவதை மாணவர் கண்ணாலேயே காணலாம். இரண்டு கண்ணாடிக் குவளைகளில் நன்கு நீர்த்த தேயிலை வடிநீரைச் சம அளவில் எடுத்துக்கொள்க. அன்னபேதி எனப்படும் பெரஸ் சல்பேட்டைச் சிறிதளவு நீரிற் கரைத்து, ஒரு குவளையில் மட்டும் சில துளிகள் விடுக. சிறிது நேரத்தில் அக்குவளையின் நீர் மையைப் போலக் கறுத்துவிடும். நீர்த்த காப்பி வடிநீரிலும் நிறம் இருண்டு வரும். தேயிலையில் மாற்றம் தெளிவாகத் தெரியும். "இரும்பு எங்கே சென்றது?" என்று கேட்டு, மாணவரையே சிந்திக்கச் செய்க. சோதனை நீரை எவரும் அருந்தாதபடி உடனே கொட்டிவிடுதல் வேண்டும்.

முடிவுரை

காப்பி நஞ்சும் அன்று; மருந்தும் அன்று. சர்க்கரை சேராத கடுங்காப்பியை, சூடு சற்றுத் தணிந்த பின், உணவுக்கும் மாத்திரைக்கும் விலகிய நேரத்தில், பகற்பொழுதில், இரண்டொரு கோப்பை அருந்துவதால் நலமுடைய பெரியோர்க்குத் தீங்கில்லை. நன்மை இருக்கவும் கூடும். அருந்தாதவர் நலம் கருதிப் புதிதாகத் தொடங்கவேண்டிய தேவையும் இல்லை. நீரிழிவுக்கு மருந்தை விடுத்துக் கடுங்காப்பியை நம்பும் அன்பரைக் கண்டால், அவரை மருத்துவ நிலையத்துக்கு அழைத்துச் செல்லுதலே முதற்கடமை. இரும்பு மாத்திரையைக் காப்பியோடு விழுங்கும் தாயைக் கண்டால், காப்பியை அடியோடு விலக்குமாறு கூறவேண்டுவதில்லை. நேரத்தை மாற்றிக்கொள்ளச் சொன்னாலே போதும். செலவின்றிச் செய்யத்தக்க இச்சிறு மாற்றம் தாய்க்கும் சேய்க்கும் பெரும் பயன் அளிக்கும்.